கூரையின் வகையும் காற்றின் வழியும்: புதுக்கோட்டை வட்டாரத்தில் வெப்பத் தடுப்பின் வரலாறு

புதுக்கோட்டை வட்டாரத்தில் ஒரு வீட்டின் தரத்தை அதன் கூரையே சொல்லிவந்தது. கூரை வீடு, ஓட்டு வீடு, மச்சு வீடு என்ற மூன்று பெயர்களுக்குள் ஊர் முழுவதும் அடங்கிவிடும். சுவரின் கனமும் மனையின் அளவும் அதற்குப் பிறகுதான். அரசாங்கமும் ஏறத்தாழ இதே வழியில்தான் எண்ணியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டுக் கூரைகளை ஓலை–புல்–மூங்கில், பிளாஸ்டிக் விரிப்பு, கையால் செய்த ஓடு, எந்திர ஓடு, சுட்ட செங்கல், கல், தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ், கான்கிரீட் என்று பிரித்துப் பதிந்தது. ஓலையிலிருந்து கான்கிரீட்டுக்குப் போகப்போக வீடு உறுதிப்படுகிறது, செலவு கூடுகிறது, தீப்பற்றும் அச்சம் குறைகிறது. ஆனால் வெயிலைத் தடுக்கும் திறன் அதே வரிசையில் கூடுவதில்லை. பல படிகளில் அது இறங்குகிறது. வெப்பத்தைத் தடுக்கும் திறனும் தீயைத் தாங்கும் திறனும் ஒரே பொருளில் கூடிவருவது அரிது. ஓலைக் கூரையில் தொடங்கிய இந்தச் சிக்கல், இன்று குளிர்காற்றைக் கொண்டுசெல்லும் டக்ட் செய்வதற்கான காப்புப் பலகைகள் வரை தொடர்கிறது. அந்தப் பலகைகளை வகைப்படுத்தும் விதிகள் எழுந்ததற்கும் இதுவே காரணம்.

இந்த மாவட்டம் வடக்கு அட்சரேகை 10 டிகிரியை ஒட்டிய நிலம். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சிக்கு நேரே நிற்கும். ஆகவே வெப்பத்தின் பெரும்பங்கு கூரை வழியாகத்தான் வீட்டுக்குள் இறங்குகிறது. வெள்ளாறு, அக்கினியாறு, பாம்பாறு எல்லாம் மழைக்காலத்தில் மட்டும் ஓடுபவை. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கத்துக் கடற்கரை ஊர்களை விட்டால் மற்ற இடங்களுக்குக் கடற்காற்றின் தணிப்பு முழுதாக எட்டுவதில்லை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களைத் தவிர்த்து, ஆண்டின் பெரும்பகுதியில் வீடு கட்டுவோர் முன் இரண்டு வேலைகள் இருந்தன: கூரையில் விழும் வெயிலை நிறுத்த வேண்டும், மீறி உள்ளே வந்த வெக்கையை வெளியேற்ற வேண்டும்.

இரண்டையும் மிகக் குறைந்த செலவில் செய்தது வேய்ந்த கூரை. பனங்கையைக் கைமரமாகச் சாத்தி, மூங்கில் வரிச்சு கட்டி, அதன்மேல் பனையோலையோ தென்னங்கீற்றோ வைக்கோலோ அடுக்கினார்கள். மானாவாரி நிலத்தில் வரகு விளைந்த ஊர்களில் வரகு வைக்கோல் நெல் வைக்கோலைவிட நீடித்து உழைத்தது. கூரை தடிப்பாக இருக்க வேண்டும், சரிவு செங்குத்தாக இருக்க வேண்டும், இறவாரம் தாழ்ந்து வந்து சுவரை மறைக்க வேண்டும் என்பவை வேய்பவர் கைவிடாத விதிகள். மண்சுவரின் தலைக்கும் கூரைக்கும் இடையே விட்ட சந்து வழியாக அடுப்புப் புகையும் சூடான காற்றும் வெளியேறின. போகும் வழியில் அந்தப் புகை ஓலையில் பூச்சி அரிக்காமலும் காத்தது.

வேய்ந்த கூரையின் வலிமை அதனுள் சிக்கிய காற்றில் இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பும் ஒரு மீட்டர் தடிப்பும் உள்ள பொருளின் இரு பக்கங்களுக்கிடையே ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது அதன் வழியே பாயும் வெப்பத்தை வாட் கணக்கில் சொல்வது வெப்பக் கடத்தல் எண். அசையாத காற்றுக்கு இது 0.026. வைக்கோல், நாணல் போன்ற வேய்பொருள்களுக்கு ஏறத்தாழ 0.07 முதல் 0.09 வரை. செங்கல்லுக்கு 0.8 அளவில், கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு 1.6 அளவில், கருங்கல்லுக்கு அதற்கும் மேல், இரும்புத் தகட்டுக்கு ஏறத்தாழ 50. எண் சிறுக்கச் சிறுக்கத் தடுப்பு கூடும். இருபது சென்டிமீட்டர் தடிப்புள்ள ஓலைக் கூரைக்கு ஈடாக வெப்பத்தைத் தடுக்க, செங்கல்லில் சுமார் இரண்டு மீட்டர் தடிப்பு வேண்டும். ஏழையின் வீடு என்று கடைசி வரிசையில் வைக்கப்பட்ட கூரை வீடு, வெப்பக் கணக்கில் எல்லாவற்றுக்கும் முன்னே நிற்கிறது. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கீற்று மாற்ற வேண்டும். ஒரு பொறி விழுந்தால் வீடு மட்டுமல்ல, தெருவே போய்விடும்.

புதுக்கோட்டை சமஸ்தானத்தின் தலைநகரத்தைத் திருத்தி அமைத்தபோது தெருக்களின் அகலம் ஒரு முக்கியச் செய்தியானது. மன்னர் விஜய ரகுநாதத் தொண்டைமான் காலத்தில், தஞ்சாவூர் ரெசிடெண்டாக இருந்த மேஜர் பிளாக்பர்னின் யோசனைப்படி, புதுக்கோட்டை நகரம் நேரான, ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் அகலமான தெருக்களோடு உருவெடுத்தது. நெருங்கிய கூரை வீடுகளுள்ள ஊரில் அகலத் தெரு தீயைத் தாண்டவிடாத இடைவெளி. நேர்தெரு காற்றுக்கும் வழி. 1878-இல் நிர்வாகத்துக்கு வந்த சேஷையா சாஸ்திரி 1894 வரை ஆற்றிய நகர்ப்பணி இந்த அமைப்பின்மேல்தான் நடந்தது. குளங்களைச் சீராக்கியதும் பொதுக்கட்டடங்களை எழுப்பியதும் அந்தக் காலத்தில்தான்.

ஓலைக்கு அடுத்த படி நாட்டு ஓடு. வேளார் சக்கரத்தில் களிமண்ணைக் குழலாக வனைந்து, ஈரம் உலருமுன் நெடுக்காக இரண்டாகப் பிளந்து, சூளையில் சுட்டெடுத்த அரைவட்ட ஓடு அது. மல்லாந்த வரிசையின் விளிம்புகளைக் கவிழ்ந்த வரிசை மூடும்படி அடுக்கினால் இரண்டுக்கும் நடுவே காற்று நிற்கும் சிறு குழல்கள் உருவாகும். வசதியுள்ளவர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று, நான்கு அடுக்குப் போட்டார்கள். சுட்ட மண் தனியாகப் பெரிய வெப்பத் தடுப்பு அல்ல. அடுக்குகளுக்கிடையே நின்ற காற்றுதான் அந்த வேலையைச் செய்தது. ஓடுகளின் சந்துகள் வழியாகக் கூரையே மெல்ல மூச்சுவிடவும் செய்தது. மழையை ஓரளவு உறிஞ்சி, வெயில் வந்ததும் அதை ஆவியாக விட்டுக் குளிர்வது சுட்ட மண்ணின் கூடுதல் குணம்.

1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவிய சீமை ஓடு, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் தட்டையான வார்ப்பு. எடை குறைவு, மரச்சட்டமும் குறைவாகப் போதும். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கும் அங்கிருந்து மானாமதுரைக்கும் 1929–30-இல் ரயில் பாதை வந்தபின் இத்தகைய பாரச் சரக்கு வருவது எளிதாயிற்று. ஆனால் சீமை ஓடு ஒற்றை அடுக்கு. பல அடுக்கு நாட்டு ஓட்டின் நிழலில் வளர்ந்தவர்களுக்கு அதன் வெக்கை உடனே தெரிந்தது. பலகைத் தட்டோ பரணோ கீழே சேர்த்தபின்தான் அது குடியிருக்க ஏற்றதாயிற்று.

வெப்பத் தடுப்பையும் காற்றுவழியையும் ஒரே கட்டுமானமாக இணைத்து இந்த வட்டாரத்தில் உச்சிக்குக் கொண்டுபோனவை செட்டிநாட்டு வணிகரான நகரத்தாரின் வீடுகள். செட்டிநாடு என்றதும் காரைக்குடியும் கானாடுகாத்தானும் நினைவுக்கு வந்தாலும், அதன் ஊர்களில் பல இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ளன: இராயவரம், அரிமளம், கடியாபட்டி, கோனாபட்டு, பனையப்பட்டி, குழிபிறை, நச்சாந்துபட்டி, விராச்சிலை, மேலைச்சிவபுரி, வலையப்பட்டி, ராங்கியம். 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனபின் அங்கும், இலங்கையிலும் மலேயாவிலும் வட்டித்தொழிலில் ஈட்டிய பணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இந்தக் காய்ந்த நிலத்தில் மாளிகைகளாக எழுந்தது. பர்மாத் தேக்கையும் இத்தாலிப் பளிங்கையும் பற்றி எழுதாதவர் இல்லை. அந்த வீடுகள் வெயிலை எப்படிக் கையாண்டன என்பது அதைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டிய விஷயம்.

ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக மனை நீளும். முகப்பு, திண்ணை, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே அச்சில் அமையும். தலைவாசல் நிலையில் நின்று பார்த்தால் பின்கட்டுக் கதவு நேராகத் தெரியும். கதவுகளைத் திறந்துவிட்டால் காற்று அந்த நேர்வழியில் வீட்டை ஊடறுத்துப் போகும். நடுவில் வானம் பார்த்த வளவு. பகலில் அதன் தளம் சூடேற, மேலெழும் காற்று சுற்றுத் தாழ்வாரங்களிலும் அறைகளிலும் உள்ள காற்றைத் தன்பக்கம் இழுத்து மேலே அனுப்பும். இரவில் வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து குளிர்ந்த கனமான காற்று வளவுக்குள் இறங்கித் தங்கும்; விடியற்காலையில் வீட்டின் மிகக் குளிர்ந்த இடம் அதுதான். தகடும் குழாயும் இல்லாத காலத்தில் வீட்டின் நடுவிலேயே செங்குத்தான ஒரு காற்றுக்குழல் திறந்து வைக்கப்பட்டிருந்தது என்பதே இதன் பொருள்.

வளவைச் சுற்றிய அறைகளில் வெளிச் சன்னல் குறைவு, சுவர் கனம். பணப்பெட்டியும் பாத்திரமும் வைப்பதற்கான காவல் இதற்கு ஒரு காரணம், வெயில் இன்னொரு காரணம். சூடான காற்று மேலே சேர்வதால் உயரமான கூடங்களில் சுவரின் தலைப்பக்கம் சிறு திறப்புகள் வைத்து அதை வெளியேற்றினார்கள். இறவாரத்தையும் தாராளமாக நீட்டினார்கள். சுவரை நிழலில் வைக்கும் இறவாரத்தின் மதிப்பு இந்த மண்ணில் பழைய அறிவு. ஆவுடையார்கோயிலில் மரக் கைமரமும் குமிழாணியும் தெரியும்படி கருங்கல்லிலேயே கொடுங்கை என்னும் இறவாரத்தைச் செதுக்கிய சிற்பிகள், மரக்கூரையின் ஒவ்வொரு உறுப்பையும் எவ்வளவு நெருக்கமாக அறிந்திருந்தார்கள் என்பதை அந்தக் கல்லே காட்டுகிறது.

சரிந்த பகுதிகளுக்கு மேங்கோப்பு மரவேலையின்மீது பல அடுக்கு நாட்டு ஓடு. மட்டமான பகுதிகளுக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர்பெற்ற தளம். தேக்கு உத்திரங்களுக்குக் குறுக்கே நெருக்கமாகக் கட்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சாய்வரிசையில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டுவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி. இதை இட்ட கையோடு விட்டுவிட முடியாது. சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்க வேண்டும். கட்டை தளத்தில் பட்டு எகிறும் பதம் வந்தபின் தட்டோடு என்னும் தட்டையான ஓட்டைப் பதித்து மூடுவார்கள்.

இப்படிக் கட்டிய தளம் ஓரடியை நெருங்கும் கனம் கொண்டது. இதன் திறன் ஓலையின் திறனிலிருந்து வேறுபட்டது. செங்கல்லும் சுண்ணாம்பும் வெப்பத்தை நிறுத்துவதில்லை. வாங்கி வைத்துக்கொண்டு தாமதமாக விடுகின்றன. நண்பகலில் மேலே விழுந்த வெயில் கீழ்ப்புறத்துக்கு வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும். அதற்குள் வெளியே மாலைக்காற்று வீசத் தொடங்கிவிடும். இரவில் கதவுகளைத் திறந்து அந்த வெப்பத்தைக் காற்றோடு போகவிட்டால்தான் மறுநாள் தளம் மறுபடி தயாராகும். ஆகவே வளவு இல்லாமல் இந்தத் தளம் பயன்படாது. தளம் இல்லாமல் வளவின் குளிர்ச்சியும் நிற்காது. செட்டிநாட்டு வீட்டை அங்குலம் அங்குலமாகப் புகழ்ந்தவர்கள் பலர் இந்த இணைப்பைக் கவனிக்காமல் விட்டது பெருங்குறை. தூணையும் தரை ஓட்டையும் மட்டும் பெயர்த்துப் புது வீட்டில் நட்டால் அந்தக் குளிர்ச்சி உடன் வராது.

சுவர்ப்பூச்சும் இந்த ஏற்பாட்டின் ஓர் அடுக்கு. செக்கில் அரைத்த சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த முரட்டுப் பூச்சில் தொடங்கி, கோட்டுக்குக் கோட்டு நயமாகி, கடைசியில் கிளிஞ்சல் சுண்ணாம்பை முட்டை வெண்கருவோடு குழைத்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். வெள்ளையாக மின்னும் பரப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி விடும் தன்மையுள்ளது. நூறாண்டு கடந்தும் பல வீடுகளில் இந்தப் பூச்சு தொட்டால் சில்லென்று இருக்கிறது.

1930-ஐ ஒட்டிய உலகப் பொருளாதார வீழ்ச்சியும் 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் இந்தக் கட்டுமானக் காலத்தை முடித்துவைத்தன. 1948 மார்ச் 3-இல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. 1974 ஜனவரி 14-இல் தனி மாவட்டமானது. இந்த இடைக்காலத்தில்தான் சிமென்ட்டும் கம்பியும் ஊர்ப்புறத்துக்கு வந்தன. பைக்காரா, மேட்டூர் மின்நிலையங்கள் 1930களில் தொடங்கிவைத்த மின்சாரப் பரவலோடு மின்விசிறியும் வந்து சேர்ந்தது. விசிறி இருக்கிறது என்ற நம்பிக்கையில் கூரை தாழ்ந்தது, வளவு மறைந்தது. நான்கைந்து அங்குலக் கான்கிரீட் தளம் பகல் முழுதும் காய்ந்து, படுக்கும் நேரத்தில் வெப்பத்தைக் கீழே கொட்டும். மேலே சுருக்கியும் தட்டோடும் போடும் வழக்கம் சிலகாலம் தொடர்ந்தது. செலவு குறைக்கும் வீடுகளில் அதுவும் போயிற்று.

கான்கிரீட்டுக்கு எட்டாதவர்கள் ஓலையிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் அட்டைக்கு மாறினார்கள். இந்த அட்டை தீயில் எரியாது, மழை ஒழுகாது, ஒரே நாளில் போட்டுவிடலாம். ஆனால் கால் அங்குலத் தடிப்பில் வெயிலைத் தடுக்க அதனிடம் ஒன்றுமில்லை. அதன் இழைத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. 2018 நவம்பர் 16-இல் கரையேறிய கஜா புயல் ஆலங்குடி, அறந்தாங்கி, கீரமங்கலம் பக்கத்தில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது ஓலை, ஓடு, அட்டை என்று எல்லா வகைக் கூரையும் சேர்ந்தே பறந்தன.

ஓலைக்கு எதிரான தீர்ப்பு அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. 2004 ஜனவரி 23-இல் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண நிகழ்வில் கீற்றுப் பந்தல் தீப்பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16-இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. அதன்பின் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஓலைக் கூரைக்கு இடமில்லை என்றாயிற்று. குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் திட்டம் 2010-இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டமாகவும், 2024-இல் கலைஞரின் கனவு இல்லமாகவும் வந்தது. தீயின் பக்கம் பார்த்தால் இந்த முடிவுகளுக்கு மறுபேச்சு கிடையாது. வெப்பத்தின் பக்கம் கணக்கு வேறு. மத்திய எரிசக்தித் திறன் வாரியம் 2018-இல் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா, குடியிருப்புக் கூரையின் வெப்ப ஊடுருவல் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 1.2 வாட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் தளம் 3-க்கும் மேலே நிற்கும். கனத்த சுருக்கித் தளமே சுமார் 2 அளவில்தான் இருக்கும். அதன் பலம் தடுப்பில் இல்லை, தாமதத்தில்தான். தடித்த ஓலைக் கூரை 0.4 அளவில் எளிதாகத் தேறும். ஒரே அளவுகோலால் எல்லாவற்றையும் வரிசைப்படுத்த முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று தேவையில்லை.

காற்றைக் குளிர்வித்து அனுப்பும் காலம் வந்தபோது இந்தச் சிக்கல் கூரையிலிருந்து டக்டுக்கு இடம்மாறியது. 1902-இல் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் வடிவமைத்த எந்திரத்தோடு நவீன ஏ.சி.யின் கதை தொடங்குகிறது. திரையரங்கு, திருமண மண்டபம், ஜவுளிக்கடை, மருத்துவமனை என்று பெரிய கட்டடங்களில் குளிர்காற்றைப் பங்கிடத் துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டால் டக்ட் செய்தார்கள். புதுக்கோட்டையில் 2017-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற கட்டடத்தில், அறுவை அரங்குக்கு வடிகட்டிய காற்றை அளந்து அனுப்புவது நோயாளியின் உயிரோடு தொடர்புடைய வேலை. ஆனால் டக்டின் தகடு வெப்பத்தை மிக எளிதில் கடத்தும். 13 டிகிரியில் காற்று ஓடும் குழாயை, 35 டிகிரியும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள இடத்தில் விட்டால், 26 டிகிரிக்குக் கீழே போன எந்தப் பரப்பிலும் நீர் கோத்துச் சொட்டும். எனவே தகட்டைச் சுற்றி முன்பு ஆஸ்பெஸ்டாஸும், பின்பு கண்ணாடிப் பஞ்சும் பாறைப் பஞ்சும், இப்போது கறுப்பு நைட்ரைல் ரப்பரும் போர்த்தப்படுகின்றன.

தகடும் போர்வையும் தனித்தனியாக வேண்டாம், காப்புப் பலகையாலேயே டக்ட் செய்யலாம் என்பது அடுத்த படி. அமெரிக்காவில் அழுத்திய கண்ணாடி இழைப் பலகை முன்னே வந்தது. பிறகு இருபுறமும் அலுமினியத் தாள் ஒட்டிய நுரைப் பலகைகள் வந்தன. உள்ளே பாலியூரித்தேன், பாலியைசோசயனூரேட் அல்லது பீனாலிக் நுரை. பொதுவாக 20 மில்லிமீட்டர் தடிப்பு. பலகையில் 45 டிகிரிச் சாய்வில் பள்ளம் வெட்டி, மடித்து, பசை தடவி, மூட்டை அலுமினியத் தாளால் ஒட்டினால் டக்ட் தயார். நுரையின் கடத்தல் எண் 0.022-ஐ ஒட்டியது. 20 மில்லிமீட்டர் நுரை செய்யும் தடுப்பைச் செங்கல்லால் செய்ய எழுபது சென்டிமீட்டர் சுவர் வேண்டும். சிறு சிறு கண்களில் அடைபட்ட வளிதான் இங்கும் தடுக்கிறது. வேலை செய்யும் விதம் ஓலைக் கூரையினுடையதே. நுரை கரிமப் பொருள் என்பதால் தீயின் ஆபத்தும் கூடவே வருகிறது.

டக்டில் தீ கூரைத் தீயைவிடக் கொடியது, ஏனென்றால் அது அறைக்கு அறை புகையைக் கொண்டுபோகும். 1980 நவம்பர் 21-இல் லாஸ் வேகாஸின் எம்.ஜி.எம். கிராண்ட் ஓட்டலில் கீழ்த்தளத்தில் பிடித்த தீயால் 85 பேர் இறந்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் மேல்தளங்களில் புகையால் மாண்டவர்கள். 1996 ஏப்ரல் 11-இல் ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் விமான நிலையத்தில் வெல்டிங் பொறி உட்கூரைக்கு மேலிருந்த பாலிஸ்டைரீன் காப்பில் பற்றி 17 உயிர்கள் போயின. நம் வீடுகளில் வெக்கைக்குப் பயந்து கான்கிரீட்டின் கீழே ஒட்டும் தெர்மாகோல் இந்தப் பாலிஸ்டைரீன்தான். தீ பற்றினால் உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும்.

பலகைகளைத் தீயால் வகைப்படுத்தும் பழைய முறை அமெரிக்காவின் அண்டர்ரைட்டர்ஸ் லெபாரட்டரீஸில் (யூ.எல்.) ஸ்டைனர் என்பவர் உருவாக்கிய சுரங்கச் சோதனை. நீண்ட சுரங்கத்தின் மேல்தட்டில் பொருளைப் பொருத்தி, ஒரு முனையில் பத்து நிமிடம் தீ வைத்து, சுடர் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்ப்பார்கள். செவ்வோக் மரத்துக்கு 100, ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பலகைக்கு 0 என்று அளவுகோலின் இரு முனைகளை வைத்தார்கள். நுரையீரலைத் தின்னும் ஒரு பொருள் பாதுகாப்பின் பூஜ்யக் கோடாக நின்றது. தீயை மட்டும் கேட்கும் அளவுகோல் தீயை மட்டுமே சொல்லும் என்பதை இது கசப்பாகக் காட்டுகிறது. டக்டுகளுக்கான யூ.எல். 181 தரத்தில் இரண்டு வகுப்புகள்: சுடரும் புகையும் பூஜ்யமாக இருந்தால் வகுப்பு 0, சுடர் 25-க்கும் புகை 50-க்கும் மேற்போகாவிட்டால் வகுப்பு 1. அதோடு நிறுத்தாமல் பூஞ்சை வளர்கிறதா, வேகக் காற்று உட்பரப்பை அரிக்கிறதா, அழுத்தத்தில் குழாய் நசுங்குகிறதா, தீ பலகையைத் துளைத்து வெளிவருகிறதா என்றும் தனித்தனியாகச் சோதிக்கிறார்கள்.

ஐரோப்பிய முறை ஏ1, ஏ2, பி, சி, டி, ஈ, எஃப் என்று ஏழு படிகள். பாறைப் பஞ்சு போன்ற எரியாப் பொருள் ஏ1-இல் வரும். அதற்கு 750 டிகிரி உலைச் சோதனை உண்டு. நடுப்படிகளுக்கு இரண்டு பலகைகளை மூலையாக நிறுத்தி, 30 கிலோவாட் சுடரை இருபது நிமிடம் காட்டி, வெளிவரும் வெப்பத்தை அளக்கிறார்கள். புகைக்கு மூன்று தரம், எரிந்து சொட்டும் துளிக்கு மூன்று தரம் என்று துணைக்குறிகள் சேர்கின்றன. நுரைப் பலகை டக்டுகளின் கட்டுறுதிக்கும் காற்றுக் கசிவுக்கும் இ.என். 13403 என்ற தனித் தரம் இருக்கிறது. கசிவு வகுப்புகள் ஏ முதல் டி வரை. ஒவ்வொரு படியிலும் அனுமதிக்கும் கசிவு முன்னதில் மூன்றில் ஒரு பங்கு. இந்தியாவில் தகட்டு டக்டுகளுக்கு ஐ.எஸ். 655 உண்டு, கட்டடத் தீப்பாதுகாப்பைத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016 பதிப்பு சொல்கிறது.

2014-இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. கடியாபட்டி உள்ளிட்ட ஊர்களில் பெரிய வீடுகள் தங்கும் விடுதிகளாகிக் குளிர்சாதனமும் ஏற்றன. அறைக்கு ஒரு ஸ்பிளிட் ஏ.சி. என்பது எளிய வழி. கூடத்துக்கு டக்ட் வேண்டுமென்றால் எடை குறைந்த நுரைப் பலகை பழைய மரங்களுக்குப் பாரமாகாது. ஆனால் மேங்கோப்பு முழுதும் நூறாண்டு காய்ந்த தேக்கு. அங்கே வெப்பத் தடுப்பு எண்ணை மட்டும் பார்த்துப் பலகை வாங்குவது தவறு. தீ வகுப்பும் புகைத் தரமும் முதலில் வர வேண்டும். மூட்டுகளில் நீராவி புகாதபடி அலுமினியத் தாள் முழுமையாக மூட வேண்டும், இல்லையென்றால் உட்கோத்த நீர் சுண்ணாம்புப் பூச்சை உப்பவைத்து உதிர்க்கும். டக்ட் ஒரு கட்டிலிருந்து மறு கட்டுக்குச் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் தீயடைப்பான் பொருத்துவது வழக்கம். அதன் கதவைப் பிடித்திருக்கும் உலோக இணைப்பு பொதுவாக 72 டிகிரியில் உருகி, கதவைத் தானே மூடவிடும்.